தெல்மா கை பட்ட தைமஸ்

மெல்போர்னில் அந்த ஆய்வகத்தில் தெல்மா பாஸ்கோவின் கையை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. யாராவது கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் எல்லோருக்கும் அரை வருஷம் மிச்சமாகியிருக்கும். ஆனால் எப்படிச் சந்தேகப்படுவது? பால்குடி மறந்த எலிக்குஞ்சு கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அதன் நெஞ்சைத் திறந்தால், இதயத்துக்குச் சற்று மேலே இரண்டு வெள்ளை இதழ்களாகப் படுத்திருக்கும் தைமஸ் சுரப்பி. அதை ரத்தம் படாமல், கிழியாமல், அக்கம்பக்கத்துச் சதை ஒட்டாமல் எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். மெத்தப் படித்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற இந்த வேலையை தெல்மா ஊர்வம்பு பேசிக்கொண்டே செய்வாள். "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டவர் வாயை மூடுவதற்குள் அடுத்த எலிக்குப் போயிருப்பாள்.

பிறவியிலேயே வந்த கை என்று எல்லோரும் சொல்வார்கள். பிறவியும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரன்ஸ்விக்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் குழந்தைக் கவுன்களுக்கு நெஞ்சுச் சுருக்கம் வைத்துத் தைத்துத் தைத்து வந்த கை அது. பல்லாரட்டில் பிறந்து, பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, தையல் வேலைக்கு வந்து, டிராம் ஓட்டுகிற கிளாரியைக் கட்டிக்கொண்டு, கோபர்க்கில் குடித்தனம் வைத்தவள். பிள்ளைகள் பிறக்கவில்லை. அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்கிற ஆள் இல்லை. தொழிற்சாலையை இழுத்து மூடியபோது, ஆய்வகத்தில் பாட்டில் கழுவ ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தாள்.

வந்த புதிதில் ஒரு நாள், எலி வெட்டப் பழகிக்கொண்டிருந்த பட்டதாரிப் பெண் மயக்கம் போட்டு விழுந்தாள். எல்லோரும் அவளைத் தூக்க ஓடினார்கள். தெல்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இதைப் பாதியில விட்டா பாவம், வீணால்ல போயிடும்" என்று கத்தரிக்கோலை எடுத்து மீதியை முடித்துவிட்டாள். அந்தப் பெண் கண் விழித்தபோது தைமஸ் தட்டில் இருந்தது. அதற்கப்புறம் தெல்மாவை யாரும் பாட்டில் கழுவ விடவில்லை.

அந்த ஆய்வகத்தில் சார், மேடம் எல்லாம் கிடையாது. இயக்குநரிலிருந்து கூண்டு கழுவுகிறவர் வரை பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காலைத் தேநீர் வேளையில் எந்தக் கொம்பனாக இருந்தாலும் தேநீர் அறைக்கு வந்துவிட வேண்டும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலையில் தப்புச் செய்தவர் மறுநாள் ஒரு கேக் கொண்டுவர வேண்டும். தப்பு பெரிசென்றால் கேக்கும் பெரிசாக இருக்க வேண்டும். எல்லோர் கையிலும் ஒரு துண்டு வந்து சேரும் வரைக்கும் என்ன தப்பு என்று வாயைத் திறக்கக் கூடாது. வாயில் கேக்கை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் திட்ட முடியாதல்லவா? சோதனைக்காக முயல் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் வைத்திருந்த குளிர்பெட்டியின் கதவை இரவு முழுக்கத் திறந்துபோட்டுவிட்டு இயக்குநரே ஒரு முறை மூன்றடுக்குக் கேக்கோடு வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட தப்புக் கேக் கொண்டுவராதவள் தெல்மா ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அவள் எலி வெட்டிக் கொடுத்தது யூடித் ஹல்மோஷுக்கு. சின்னப் பெண்ணாக ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்து, இங்கேயே படித்து ஆராய்ச்சியாளர் ஆனவள். முப்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, சாப்பாட்டு நினைவே இல்லாத வயிறு. கோபம் வந்தால் தாய்மொழியில் திட்டுவாள், சந்தோஷம் வந்தாலும் அதே மொழியில்தான். மற்றவர்கள் எல்லாம் அவளை ஜூடித் என்று கூப்பிட, தெல்மா மட்டும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு யூடித் என்றாள். வீட்டிலிருந்து இரண்டு சாண்ட்விச் அதிகம் கொண்டுவந்து, "இது கிளாரி வேண்டாம்னுட்டான், குப்பையில போடவா, நீ திங்கிறியா?" என்று பொய் சொல்லி ஊட்டாத குறையாகத் தின்ன வைப்பாள். பெற்ற பிள்ளையிடம் வைக்க வேண்டிய பிரியம் எல்லாவற்றையும் தெல்மா அந்த ஒல்லிப் பெண்ணின் தலையில் கொட்டியிருந்தாள். இதை அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் கத்தரிக்கோலோடு துரத்தியிருப்பாள்.

யூடித்தின் ஆராய்ச்சி தைமஸுக்குள் வளர்கிற டி செல்களைப் பற்றியது. இவை உடம்பைக் காக்கிற வெள்ளணுக்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து தைமஸுக்குள் வந்து நுழையும்போது அவற்றின் மேற்பரப்பில் சொல்லிக்கொள்கிற மாதிரி அடையாளம் ஒன்றும் இருக்காது. உள்ளே இருக்க இருக்க ஒவ்வொன்றாக முளைக்கும். ஒரு கட்டத்தில் எல்லா அடையாளமும் ஒரே செல்லின் மேல் இருக்கும். பிறகு வெளியே கிளம்பும் வேளை வந்தால் சிலது உதிர்ந்து சிலது மட்டும் நிற்கும். எது எப்போது முளைக்கிறது, எது எப்போது உதிர்கிறது என்பதுதான் கேள்வி. தெல்மா இதைக் கிளாரியிடம் விளக்கியபோது அவன் உருளைக்கிழங்கு மசியலிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்:

"அட, இது எங்க டிப்போ கதைடி. புதுசா வர்றவன் வெறும் சட்டையோட வர்றான். உள்ள வந்ததும் கத்துக்குட்டி பேட்ஜ், டிரைவர் பேட்ஜ், கண்டக்டர் பேட்ஜ், எல்லாத்தையும் குத்தி விட்டுடறோம். பயிற்சி முடிஞ்சு வெளிய அனுப்பறப்ப கத்துக்குட்டி பேட்ஜைப் புடுங்கிக்கிட்டு, டிரைவரா கண்டக்டரா, ஏதோ ஒண்ணை மட்டும் விட்டு வெக்கிறோம்."

"ஆனா இதுல முக்கால்வாசிக்கு மேல பயிற்சியிலயே செத்துப் போயிடுமாம் கிளாரி."

"அதுவும் எங்க டிப்போதான்."

மறுநாள் தெல்மா சொல்ல, யூடித் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அந்த ஆய்வகத்தில் தைமஸுக்குள் மட்டும் தெரியும் அந்த அடையாளத்தின் பேர் கத்துக்குட்டி பேட்ஜ் என்றே ஆகிவிட்டது. விருந்தாளிகளாக வந்த பேராசிரியர்கள் முழித்தார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் மே மாதம், அங்கே குளிர் தொடங்கும் வேளையில், யூடித்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். தெல்மா எடுத்துக் கொடுத்த தைமஸை வலையில் தேய்த்துச் செல்களாகப் பிரித்து, ஒவ்வொரு அடையாளத்தையும் பிடித்துக்கொள்கிற எதிர்ச்சீரத்தையும், கூடவே கொல்லும் வேலையைச் செய்கிற முயல் சீரத்தையும் ஊற்றுவார்கள். அந்த அடையாளம் உள்ள செல் செத்துப்போகும். செத்த செல்லுக்குள் நீலச் சாயம் ஏறும். நுண்ணோக்கியில் நீலத்தையும் வெள்ளையையும் எண்ண வேண்டியதுதான். எண்ணிப் பார்த்தால், இளம் எலிகளின் தைமஸில் கத்துக்குட்டி பேட்ஜ் உதிர்ந்து வெளியேறத் தயாராக நிற்கும் செல்கள், எதிர்பார்த்ததற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தன. மறுபடி செய்தார்கள். மறுபடியும் அப்படியே. வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டுகூடப் போயிற்று.

"தெல்மா, இது மட்டும் நிஜம்னா, செல்லுங்க எவ்வளவு சின்ன வயசுல வளர்ந்து முடிக்குதுன்னு எல்லாரும் புதுசா யோசிக்கணும்!" என்று யூடித் அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

"விடுடி, கையில கத்தி இருக்கு."

யூடித்தின் வேலை ஒப்பந்தம் அந்த வருஷக் கடைசியோடு முடிந்தது. டிசம்பரில் அடிலெய்டில் கூடும் மாநாட்டில் இதைப் பேசிவிட்டால் மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்துவிடுவோம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அவளுடைய அம்மா கார்னகியில் தனியாக இருந்தாள். அவளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள ஒரு வீடு பார்க்கலாம் என்று யூடித் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். தெல்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தச் சுரப்பி ஒவ்வொன்றும் அவள் கைபட்டு வந்ததல்லவா?

இங்கேதான் தெல்மாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவளுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்காமல் என்ன செய்யும்? செய்தித்தாளைக் கை நீளுகிற மட்டும் நீட்டிப் பிடித்துப் படித்தாள். ஊசியில் நூல் கோர்க்கக் கிளாரியைக் கூப்பிட்டாள். மருந்துக்கடைக்குப் போய் ஒரு மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். முகம் பார்க்கும் கண்ணாடியில் பல்லாரட்டுப் பெரியம்மா ஐவி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெரியம்மா செத்துப் பத்து வருஷம் ஆகிறது. தெல்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முடியைச் சுருட்டிக்கொள்ள நேரே அலங்காரக் கடைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் முடி சுருட்டிக்கொள்கிற பெண்ணுக்கு அந்தக் கண்ணாடி எப்படிப் பொருந்தும்?

ஆய்வகத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஏன், அது வேலையில் எங்கே இடிக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. நுண்ணோக்கியில் திருகைத் திருப்பினால் எந்தக் கண்ணுக்கும் தெளிவாகிவிடும். செல் எண்ணுவதில் ஒரு பிசகும் வராது. எலி வெட்டுவது மட்டும் வெறும் கண்ணால் செய்கிற வேலை. ஆனால் அதில்தான் கை பழகிவிட்டதே. பார்க்காமலே செய்வேன் என்று வேடிக்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள், நிஜமாகவே பார்க்காமல் செய்துகொண்டிருந்தாள்.

அக்டோபரில் கிளாரியின் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. தெல்மா ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். அந்த வாரம் எலிகளை யூடித்தே வெட்டினாள். தெல்மா திரும்பி வந்த அன்று தேநீர் அறையில் யூடித் ஒரு பெரிய தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டில் அவள் அம்மா சுட்டுக் கொடுத்த கசகசாச் சுருள் ரொட்டி. வெட்டினால் உள்ளே சுருள் சுருளாகக் கறுப்பு.

"யார் பொறந்தநாள்?" என்றாள் தெல்மா, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு.

"பொறந்தநாள் இல்ல. தப்பு. என் தப்பு" என்றாள் யூடித். எல்லோர் கையிலும் துண்டு போய்ச் சேர்ந்திருந்தது. "ஒரு வாரத்து எலி அத்தனையும் நாசம் பண்ணிட்டேன். வெளியேறத் தயாரா இருக்கிற செல்லைக் காணவே காணோம். பாதிக்குப் பாதி குறைஞ்சுபோச்சு. என் கை லட்சணம் அப்படி. எல்லாத்தையும் கழிச்சுக் கட்டிட்டேன். தெல்மா, இனிமே நீ கிளாரிக்கு முழங்கால் போனாலும் சரி, தலையே போனாலும் சரி, லீவு எடுக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் தெல்மாவின் தோளில் தட்டி, "இந்தக் கையை இன்ஷூர் பண்ணணும்பா" என்றார். தெல்மாவும் சிரித்தாள். இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள். கசகசா ரொட்டி அவ்வளவு நன்றாக இருந்தது.

வீட்டில் கிளாரி காலை நாற்காலியில் நீட்டிப் போட்டுக்கொண்டு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். தெல்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். கொஞ்சம் பீற்றிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்ப அவ வெட்டினா டிப்போவுல புது ஆளுங்க மட்டும் இருக்காங்க" என்றான் கிளாரி. "நீ வெட்டினா டிரைவருங்க ஏகத்துக்கும் இருக்காங்க."

"ஆமா."

"பக்கத்துக் கடையில டீ குடிக்க வந்த பழைய டிரைவருங்களையும் சேர்த்து எண்ணிட்டியோ என்னவோ."

சொல்லிவிட்டு அவன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். தெல்மாவின் கையில் கத்தி நின்றுவிட்டது. பக்கத்துக் கடை எது என்று அவளுக்குத் தெரியும். தைமஸை ஒட்டிக் கீழ்ப்பக்கம் இரண்டு நிணநீர் முடிச்சுகள் உண்டு. அரிசிக் குருணை அளவுதான், நிறமும் தைமஸ் நிறம்தான். உள்ளே இருப்பதெல்லாம் பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்ட செல்கள். எலி வெட்டப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்: முடிச்சை விட்டுவிட்டு எடு. அவளே எத்தனை பேருக்கு அதைச் சொல்லித் திட்டியிருக்கிறாள்!

"என்னடி, கையை வெட்டிக்கிட்டியா?"

"இல்ல. நீ பேசாம இரு."

மறுநாள் காலை அவள் யாருக்கும் தெரியாமல் எலி அறைக்குப் போய் ஒரு காரியம் செய்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த முடிச்சைக் கண்ணுக்குக் காட்ட ஒரு வழி உண்டு. எலியின் வயிற்றில் கொஞ்சம் கறுப்பு மை ஏற்றிவிட்டுச் சில நாள் விட்டால், வயிற்றிலிருந்து வடிந்து வருகிற மை அந்த முடிச்சுகளில் போய்த் தங்கிவிடும். தைமஸ் வெள்ளையாகவே இருக்க, முடிச்சு மட்டும் கறுத்துப்போகும். மை ஏற்றிய எலி கத்துக்குட்டிகளுக்கானது. தெல்மா பாஸ்கோ தனக்காக மை ஏற்றுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆய்வகமே சிரித்திருக்கும்.

அந்தச் சில நாளும் அவள் ஊர்வம்பு பேசவில்லை. யூடித் மாநாட்டுக்குப் படங்கள் தயார் செய்துகொண்டிருந்தாள். "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு, "கிளாரியோட முழங்கால் என் தலையில ஏறி உக்காந்திருக்கு" என்றாள்.

மை ஏற்றிய எலிகளை எடுத்த அன்று, மூன்றையும் வழக்கம் போலவே வெட்டினாள். வெறும் கண்ணால், அதே வேகத்தில். தைமஸைத் தட்டில் வைத்தாள். பார்த்தால் வெள்ளையாக, சுத்தமாக, எப்போதும் போல இருந்தது. அதற்கப்புறம் கைப்பையிலிருந்து கிளாரி குதிரைப் பந்தயச் செய்தி படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

தட்டு அவள் கண் முன்னால் எழுந்து வந்தது. வெள்ளை இதழின் அடியில், ஒட்டியும் ஒட்டாமலும், ஒரு கறுப்புக் குருணை இருந்தது. அடுத்த எலியிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இரண்டு குருணையும் இருந்தன.

தெல்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். சொல்லப்போனால் வெட்கம்கூட இல்லை, பயம். கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு மறுபடியும் பாட்டில் கழுவ அனுப்பிவிடுவார்கள். அது போகட்டும், பாட்டில் கழுவியவள்தானே. யூடித்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்தப் பெண் வீடு பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள். அவள் அம்மா திரைச்சீலைக்குத் துணிகூட எடுத்துவிட்டாள்.

ஒரு வழி இருக்கத்தான் செய்தது. இன்று சாயங்காலமே மருந்துக்கடையில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டால், நாளையிலிருந்து சுத்தமாக வெட்டலாம். எண்ணிக்கை மெதுவாகக் குறையும். எலி மாறிவிட்டது, தீவனம் மாறிவிட்டது என்று விஞ்ஞானிகள் நூறு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள், அது அவர்களுக்குக் கைவந்த கலை. யூடித்துக்கு மூன்று வருஷம் கிடைத்துவிடும். ஆனால் வேறு ஊரில் வேறு யாரோ, கண் தெரிகிற ஒருத்தி, இதைச் செய்து பார்ப்பாள். அப்போது அடிலெய்டில் எழுந்து நின்று பேசியவள் யூடித்தாக இருப்பாள். கெட்டுப்போவது யூடித்தின் பேர். தெல்மாவின் பேர் மாநாட்டுக் கட்டுரையில் நன்றி சொல்கிற இடத்தில், கடைசி வரியில் இருக்கும்.

கேக் வாங்கிக்கொண்டு தேநீர் அறையில் சொல்லிவிடலாமா என்றும் நினைத்தாள். அது கூடாது. இயக்குநர் இருப்பார், எல்லோரும் இருப்பார்கள். யூடித் வாயில் கேக்கை வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் தன் ஆறு மாதம் போனதைக் கேட்டுக்கொள்ள வேண்டுமா? தெல்மா தட்டை மூடி எடுத்துக்கொண்டு யூடித்தின் அறைக்குப் போனாள். கிளாரியின் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. கழற்ற மறந்துவிட்டாள்.

யூடித் அவளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "ஐயோ தெல்மா, யாரோட கண்ணாடி அது? ஆந்தை மாதிரி இருக்க!"

"கிளாரியோடது. யூடித், கதவைச் சாத்து."

"என்னாச்சு? கிளாரிக்கு ஏதாவது..."

"கிளாரி கல்லு மாதிரி இருக்கான். இதைப் பாரு."

தட்டைத் திறந்து மேசையில் வைத்தாள். யூடித் குனிந்து பார்த்தாள். கறுப்புக் குருணைகளைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இருந்தும் கேட்டாள்.

"இது யார் எடுத்தது? எலி வெட்டப் பழகுற புதுப் பையனா?"

"நான்."

"மை எலி எதுக்கு உனக்கு?"

"எனக்குக் கண்ணு தெரியல யூடித். கிட்டக்க தெரியல. எப்பலேர்ந்துன்னு தெரியல, குளிர்காலத்துக்கு முன்னாடியே இருக்கும். நான்தான் முடிச்சையும் சேர்த்து எடுத்துக்கிட்டே இருந்திருக்கேன். நீ எண்ணினது தைமஸ் இல்ல. பக்கத்துல இருந்ததையும் சேர்த்து எண்ணியிருக்க."

யூடித் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தாள். அடிலெய்டுக்குத் தயாராக இருந்த படங்கள். பிறகு தாய்மொழியில் ஏதோ சொன்னாள். தெல்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் புரியாவிட்டாலும், சந்தோஷத்தில் சொன்னது இல்லை என்று புரிந்தது.

"ஆறு மாசம், தெல்மா."

"தெரியும்."

"என்ன தெரியும்? நீ இல்லாதப்ப நான் வெட்டினேனே, அதுதான் சரியா வந்திருக்கு. சரியா வந்ததைத் தூக்கிக் குப்பையில கொட்டினேன். ஏன் கொட்டினேன் தெரியுமா? உன் கை தப்பாது, அப்ப என் கைதான் தப்புன்னு. கொட்டினதோட விட்டேனா? எங்கம்மாவை உக்கார வெச்சு ரொட்டி சுட வெச்சேன். நீ ரெண்டு துண்டு தின்ன!"

"ஆமா, தின்னேன்."

"ஒரு கண்ணாடி! ஒரு பாழாப்போன கண்ணாடி போட்டுக்க உனக்கு என்ன கேடு?"

கிழவி மாதிரி தெரிவேன் என்று பயந்தேன் என்பதை ஆறு மாத உழைப்பைப் பறிகொடுத்தவளிடம் எந்த வாயால் சொல்வது? கடைசியில் அதையே சொன்னாள். "அசிங்கமா இருந்துச்சு யூடித். பெரியம்மா மாதிரி இருந்துச்சு."

யூடித் அவளை வெறித்துப் பார்த்தாள். "வெளிய போ" என்றாள். "தயவுசெஞ்சு இப்ப போ. நான் ஏதாவது சொல்லிடுவேன்."

தெல்மா போனாள். எங்கே போவது என்று தெரியாமல் பாட்டில் கழுவும் அறைக்குப் போனாள். அங்கே மலைபோலக் குவிந்திருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு கழுவ ஆரம்பித்தாள். இனி இதுதான் தன் இடம் என்று தீர்மானித்துவிட்டாள். தேநீர் வேளை வந்தது, போனது. அவள் போகவில்லை. அவளைத் தேடிக்கொண்டு யாரும் வரவும் இல்லை. சாப்பாட்டு வேளையில் வீட்டில் இருக்கும் கிளாரிக்கு டெலிபோன் செய்து நடந்ததைச் சொல்லலாமா என்று நினைத்தாள். அவன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவோம் என்று விட்டுவிட்டாள்.

மத்தியானம் நன்றாகச் சாய்ந்தபிறகு யூடித் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கழுவிய பாட்டில்களைப் பார்த்தாள், மேசையில் ஒரு மூலையில் சாய்ந்துகொண்டாள்.

"அடிலெய்டுக்கு போன் பண்ணிட்டேன். பேச்சை எடுத்துடச் சொல்லிட்டேன்" என்றாள். "இயக்குநர்கிட்டயும் சொல்லியாச்சு. மூணு வருஷம் கெடைக்காது. ஒரு வருஷம் தர்றேன்னிருக்காரு. அதுவும் முனகிக்கிட்டே."

"என் பேரைச் சொன்னியா?"

"சொன்னேன். மறைக்கச் சொல்றியா?"

"இல்ல. சொன்னதுதான் நல்லது. அம்மா? வீடு?"

"அம்மா இதைவிடப் பெரிசா எவ்வளவோ பார்த்தவ. திரைச்சீலைத் துணியைப் பெட்டியில வெச்சிருப்பா. துணி ஓடியா போகுது?"

தெல்மா ஒரு பாட்டிலை மூன்றாவது தடவையாகக் கழுவினாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் யூடித். "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டு, கம்முனு வேலையைப் பார்த்திருக்கலாம். எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது."

"நெனச்சேன். அதையும் நெனச்சேன்."

"அப்புறம்?"

"நீ எழுந்து நின்னு பேசுவ. அவனவன் கேள்வி கேப்பான். நீ எனக்காகச் சண்டை போடுவ. எங்க தெல்மா கை தப்பாதும்ப." தெல்மா பாட்டிலைக் கீழே வைத்தாள். "அதை என்னால தாங்க முடியாது."

யூடித் குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வேலை நேரத்துக் குரலில், "நாளைக்கு எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். காலையில சீக்கிரம் வந்துடு" என்றாள்.

"வேற யாரையாவது வெட்டச் சொல்லு யூடித். அந்தப் புதுப் பையன் கை நல்லாத்தான் இருக்கு. கண்ணும் தெரியுது."

"கண்ணு தெரியறவங்க ஊருல ஆயிரம் பேர் இருக்காங்க" என்றாள் யூடித். "கண்ணு தெரியலன்னு தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து எங்கிட்ட சொல்றவ எனக்கு ஒருத்திதான் இருக்கா. என் எலியை வேற யாரும் தொடக் கூடாது. போ, போய் உனக்குன்னு ஒரு கண்ணாடி வாங்கு. கிளாரி குதிரைப் பந்தயம் படிக்க முடியாம திண்டாடப் போறான்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஏதாவது பதில் சொல்லியிருக்க வேண்டும், ஒரு கேலியாவது செய்திருக்க வேண்டும். தெல்மா ஈரக் கையுறையோடு நின்று தேம்பித் தேம்பி அழுதாள். எதிரில் இருந்த பாட்டில்கள் எல்லாம் மங்கி மறைந்துபோயின. கண்ணாடி போட்டுக்கொண்டு அழுவது எப்படி என்று அன்று வரை அவளுக்குத் தெரியாது.